லாட்டரி விழுந்தால் நைட் டியூட்டிக்கு யார் போவார்?

வாசகர் கேள்வி – பதில்

"எதிர்பாராத பெரும்பணம் கைக்கு வந்தால் நர்ஸ்கள் வேலையில் நீடிப்பார்களா?" என்று குன்னூர் வாசகி ஒருவர் அனுப்பிய ஒரு வரிக் கேள்வியைச் சென்ற இதழில் பதிலில்லாமல் வெளியிட்டிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நீலகிரியிலிருந்தும் சில கொடைக்கானல் பக்கத்திலிருந்தும் வந்தவை. முப்பத்து நான்கு ஆண்டுகள் வார்டுகளில் நின்று ஓய்வுபெற்றவள் என்பதால் பதில் எழுதும் வேலையை ஆசிரியர் என் தலையில் கட்டிவிட்டார். எழுதியவர்களின் பெயரையும் பணியிடத்தையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் கூடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். என் அக்காவைக் கேரளத்துச் சுல்தான் பத்தேரியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். சென்ற ஓணத்துக்கு அங்கே போனபோது, எங்கள் வார்டில் ஐந்து பேர் ஆளுக்கு நூறு ரூபாய் போட்டுக் கொடுத்த ஐந்நூறு ரூபாயில் கேரள அரசு லாட்டரியான திருவோணம் பம்பர் சீட்டு ஒன்று வாங்கிவந்தேன். குலுக்கலுக்கு முந்தைய இரவு நாங்கள் மூவர் நைட் டியூட்டி. வழியில் யானை நிற்கிறது என்று மாலை டியூட்டிக்காரர்கள் இருவரும் வீட்டுக்குப் போக முடியாமல் தங்கிவிட்டார்கள். கரண்டும் இல்லை. அடித்தால் யார் யார் வேலையை விடுவது என்று பேச்சு வந்தது. மூவர் "விடிந்ததும் ராஜினாமா" என்றார்கள். மூத்த அக்கா ஒருவர் "நான் போகமாட்டேன், இவ்வளவு நாள் கற்றுக்கொண்டதை என்ன செய்வது?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. விட்டுவிடுவேன் என்றுதான் எனக்கு உள்ளே தோன்றியது. சீட்டுக்கு ஒன்றும் விழவில்லை, ஆனால் அந்த நினைப்பு உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் இந்த வேலைக்குத் தகுதியில்லாதவளா?

பதில்: முதலில் சீட்டுக் கணக்கை முடித்துவிடுவோம், ஏனென்றால் இப்படிப்பட்ட பேச்சில் எல்லாரும் இருபத்தைந்து கோடியை ஐந்தால் வகுத்து, ஆளுக்கு ஐந்து கோடி என்று மனத்துக்குள் செலவு செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். 2022 முதல் திருவோணம் பம்பரின் முதல் பரிசு 25 கோடி ரூபாய் என்பது சரிதான். ஆனால் அதில் ஏஜெண்ட் கமிஷனாக 10 விழுக்காடு கழிந்து, மீதமுள்ள 22.5 கோடியில் 30 விழுக்காடு வருமான வரி பிடிக்கப்பட்டு, அந்த வரியின் மேல் சர்சார்ஜ், செஸ் என்ற கூடுதல் வரிகளும் ஏறிய பிறகு, ஐவரில் ஒருவரின் பங்கு மூன்று கோடிக்குக் கீழேதான் வந்து நிற்கும். அது சிறிய பணம் என்று சொல்ல வரவில்லை; மருந்தை ஒரு மில்லி கூடாமல் குறையாமல் ஏற்றும் கை, கனவில் மட்டும் கணக்குத் தவறலாமா என்பதற்காகச் சொன்னேன். 2023-இல் அந்த முதல் பரிசு தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர் கூட்டாக வாங்கிய சீட்டுக்கு விழுந்ததிலிருந்து நம் பக்கத்தில் ஆசை கூடியிருக்கிறது. மறுபடியும் கூட்டுச் சேர்ந்து வாங்கினால், சீட்டின் நகலில் ஐவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரி விற்பனைக்குத் தடை இருப்பதால், பத்தேரிக் கடையில் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடலூரில் மறைவாக யாராவது நீட்டும் சீட்டைத் தொடாதீர்கள்.

இனி உங்கள் உறுத்தலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற சொல் "விடிந்ததும்" என்பது. மூவரில் ஒருவர்கூட "இப்போதே" என்று சொல்லவில்லை. கோடீஸ்வரியாகிவிட்ட கற்பனையிலும், டியூட்டியைப் பாதியில் போட்டுவிட்டு எழுந்து போகிற எண்ணம் அவர்களுக்கு வரவில்லை; காலை டியூட்டிக்காரர் வந்து, கட்டில் கட்டிலாக நடந்து, கேஸ் ஷீட்டோடு நோயாளிகளை ஒப்படைத்த பிறகே ராஜினாமா. ரிலீவர் வராமல் வார்டைவிட்டு இறங்கக்கூடாது என்பது மாணவியாக இருந்த முதல் ஆண்டிலேயே நம் உடம்பில் ஊறிப்போன பழக்கம். யானை மறித்ததால் தங்கிய அந்த இருவரும் விடிய விடியப் படுத்துத் தூங்கியிருக்க மாட்டார்கள், ஒருவராவது நடுவில் எழுந்து வந்து ஒரு கை கொடுத்திருப்பார் என்று நான் பந்தயம் கட்டத் தயார்.

உங்கள் கேள்வி பழைய கேள்வி. 1955-இல் மோர்ஸ், வைஸ் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வேலையிலிருந்த 401 ஆண்களிடம், உழைக்காமலே வசதியாக வாழும் அளவுக்குச் சொத்து வந்தால் வேலைக்குப் போவதை நிறுத்துவீர்களா என்று கேட்டார்கள். 80 விழுக்காட்டினர் போய்க்கொண்டுதான் இருப்போம் என்றார்கள். வேலையில்லாவிட்டால் பொழுது எப்படிப் போகும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. பெண்களை அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொழுது போகாது என்ற காரணத்தை எத்தனை பேர் சொல்லியிருப்பார்களோ! நைட் டியூட்டி முடித்துவந்து, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக்கொடுத்து, துணி துவைத்து, பதினொரு மணிக்குத் தலையைச் சாய்ப்பவருக்குப் பொழுது ஒரு பிரச்சினையே அல்ல.

ஆனால் உங்கள் மூத்த அக்கா சொன்ன காரணம் வேறு வகையானது. கற்றுக்கொண்டதை என்ன செய்வது என்று அவர் கேட்டதன் பொருள் எனக்குத் தெரியும். ஆடி மாத மழையில், வயிற்றுப்போக்கில் வாடிப்போன எட்டு மாதக் குழந்தை ஒன்றை நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். குளிரிலும் நீரிழப்பிலும் நரம்பு முழுவதும் உள்ளே ஒடுங்கிவிட்டிருந்தது. ஜூனியர் ஒருத்தி இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு அழும் நிலையில் நின்றாள். வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி அந்தப் பாதத்தின்மேல் வைத்து, சற்றுப் பொறுத்து, கணுக்காலின் உட்பக்கத்தை ஒற்றை விரலால் தடவிக்கொண்டே போனபோது, கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் விரலுக்கு மட்டும் தட்டுப்பட்டது. ஊசிக்குள் ரத்தம் ஏறியதைப் பார்த்ததும் அந்தக் குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அந்த விரல் அறிவு வர எனக்குப் பதினைந்து ஆண்டு பிடித்தது. அதை வங்கி லாக்கரில் வைத்துப் பூட்ட முடியாது. அந்த அக்கா அதைத்தான் சொல்கிறார்.

அதற்காக, விட்டுவிடுவேன் என்று நினைத்த உங்களுக்கு அந்த அறிவு இல்லை என்றாகாது. நீங்கள் எதை விட நினைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நோயாளியையா? அல்லது தொடர்ந்து வரும் நைட் டியூட்டியையும், ஒருவர் பார்க்க வேண்டிய கட்டில்களைப் போல மூன்று மடங்கைப் பார்ப்பதையும், மாதக் கடைசியில் கையில் மிஞ்சும் தொகையையுமா? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி. உங்கள் வார்டில் இரவில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனை நர்ஸ்களின் ஊதியத்தை ஆராய உச்ச நீதிமன்றம் 2016-இல் இட்ட உத்தரவின்படி அமைந்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான மருத்துவமனையிலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றும், 200 படுக்கைக்கு மேற்பட்ட இடங்களில் அரசு நர்ஸுக்குச் சமமாகத் தர வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை எத்தனை மருத்துவமனைகளின் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது என்பதைக் கூடலூரில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு மாறி மாறிச் செய்யும் வேலை புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இலேயே வகைப்படுத்தி, 2019-இல் அதை மறுபடியும் உறுதிசெய்தது. இதையெல்லாம் உதற நினைப்பது ஆரோக்கியமான மனம்.

"சேவை" என்ற சொல்லின்மேல் எனக்கு ஒரு கோபம் உண்டு. அதை இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன். டாக்டருக்கு ஃபீஸ், மருந்துக் கடைக்கு லாபம், லேபுக்குக் கட்டணம் என்று எல்லாவற்றுக்கும் ஒரு பெயர் இருக்க, நர்ஸின் உழைப்புக்கு மட்டும் சேவை என்று பெயர் வைத்துவிட்டால், சம்பளம் கேட்பதே பாவம்போல ஆகிவிடுகிறது. இதற்கு ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை வேறு சாட்சிக்கு இழுப்பார்கள். அவர் பெரும் செல்வக் குடும்பத்துப் பெண் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள். 1853-இல் அவருடைய தந்தை ஆண்டுக்கு 500 பவுண்டு தொகை ஒதுக்கிக்கொடுத்தார். அதன் பலத்தில்தான் லண்டனில் ஹார்லி தெரு விடுதி மருத்துவமனையில் சம்பளமில்லாமல் மேற்பார்வையாளராக அவரால் இருக்க முடிந்தது. கிரிமியப் போரின்போது பொதுமக்கள் அவர் பெயரில் திரட்டிய நிதியை 1860-இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் நர்சிங் பள்ளி தொடங்கப் பயன்படுத்தினார். ஆக, நீங்கள் ஐவரும் அன்றிரவு கற்பனை செய்த நிலையில் அவர் உண்மையிலேயே இருந்தார், வேலையிலும் இருந்தார். ஆனால் எந்த இடத்தில், எந்த நிபந்தனையில், யாருக்குப் பதில் சொல்லி வேலைசெய்வது என்பதை அவரே முடிவுசெய்தார். அவருடைய உடையை நமக்குப் போட்டவர்கள் அந்த உரிமையைச் சேர்த்துக் கொடுக்கவில்லை.

உங்கள் தகுதியில் எனக்குச் சந்தேகமே இல்லை. அடுத்த முறை அந்தப் பேச்சு வந்தால் வாய் திறந்து, நைட் டியூட்டி மாதத்துக்கு ஆறுக்கு மேல் இல்லை என்றால் இருப்பேன், இல்லையென்றால் போவேன் என்று சொல்லிப் பாருங்கள். மற்ற மூவரும் உங்கள் பக்கம் வந்துவிடுவார்கள்.

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். அரசு மருத்துவமனையில் 17 ஆண்டுகளாக நர்ஸ், வயது 43. காரமடைப் பக்கம் எங்கள் பூர்விக நிலத்தை அண்ணன்மார் விற்றதில் எனக்கும் பங்கு என்று ஒரு கோடியே இருபது லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. கனவிலும் எதிர்பாராத அதிர்ஷ்டம். கணவருக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. எனக்கு முதுகுவலி தாங்க முடியவில்லை. ராஜினாமா செய்துவிடலாமா?

பதில்: அதிர்ஷ்டம் என்ற சொல்லை முதலில் எடுத்துவிடுங்கள். மகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டம் செய்தது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. அந்தச் சட்டம் வந்தபோது அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்ற வழக்கெல்லாம் 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்தது. உங்கள் பங்கு உங்களுக்கு வந்திருக்கிறது, அவ்வளவே. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதிர்ஷ்டத்தில் வந்தது என்று நீங்களே சொல்லிக்கொண்டிருந்தால், கேட்பவருக்கெல்லாம் கொடுக்க வேண்டிய பணம் என்று உறவுக்காரர்கள் நினைப்பார்கள். 2022-இல் கேரளத்தில் பம்பர் பரிசு பெற்ற ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், வீட்டு வாசலில் கூடும் கூட்டத்தைப் பார்த்து, சில நாளிலேயே இந்தப் பரிசு விழாமலே இருந்திருக்கலாம் என்று செய்தியாளர்களிடம் சொன்னார். உங்கள் பங்கைப் பற்றி மருத்துவமனையில் யாரிடமும் பேசாதீர்கள். கேன்டீன் வரைக்கும்கூட அந்தச் செய்தி போகக் கூடாது.

வரியைப் பொறுத்தவரை, பாகமாக வந்த சொத்துக்கு வரி இல்லை. வாரிசுச் சொத்து வரி 1985-இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. விற்றதில் கிடைத்த ஆதாயத்துக்குத்தான் வரி. நகராட்சி எல்லையிலிருந்து சட்டம் சொல்லும் தூரத்துக்கு அப்பால் இருக்கும் விவசாய நிலமானால் அதுவும் இல்லை. இல்லையென்றால் 12.5 விழுக்காடு, அல்லது பணவீக்கக் குறியீட்டைக் கணக்கிட்டு 20 விழுக்காடு, இரண்டில் எது குறைவோ அது. 2024 ஜூலை 23-க்கு முன்பே குடும்பத்தில் இருந்த நிலம் என்பதால் இந்தத் தெரிவு உங்களுக்கு உண்டு. பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்துக்கொண்டு ஆடிட்டரிடம் இந்த மாதமே போய்விடுங்கள், ஏனென்றால் ஆதாயத்தைக் குறிப்பிட்ட கடன்பத்திரங்களில் போட்டு வரியைக் குறைக்கும் வழிக்கு ஆறு மாதமே கெடு.

ராஜினாமா வேண்டாம். ராஜினாமாவும் விருப்ப ஓய்வும் ஒன்றென்று நினைத்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொடுத்துவிட்டுப் பின்னால் வருந்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தமிழ்நாடு அரசுப் பணியில் 20 ஆண்டு தகுதிப் பணி முடித்தவரோ 50 வயது நிறைந்தவரோ மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் போகலாம். உங்களுக்கு இன்னும் மூன்று ஆண்டு. ஓய்வூதியம் பற்றிய ஏற்பாடுகள் மாறிக்கொண்டிருக்கும் நேரத்தில், கரைக்கு மூன்று ஆண்டு இருக்கும்போது படகிலிருந்து குதிப்பானேன்? முதுகுக்கு முதலில் எலும்பு மருத்துவரிடம் முறையாகக் காட்டி, மருத்துவ விடுப்பு எடுங்கள். தேவைப்பட்டால் சம்பளமில்லா விடுப்புக்கும் விண்ணப்பியுங்கள். இதுவரை அந்த விடுப்பைப் பற்றி யோசிக்கக்கூட உங்களுக்கு வழியில்லாமல் இருந்தது, இப்போது இருக்கிறது. திரும்பி வரும்போது ஆளைத் தூக்கிப் புரட்ட வேண்டிய வார்டு வேண்டாம், வெளிநோயாளர் பிரிவோ தடுப்பூசிப் பிரிவோ கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தேயிலையை நம்பி நர்ஸ் சம்பளத்தை விட்ட வீடுகள் கோத்தகிரியில் எத்தனை பசுந்தேயிலை விலைக்காகத் தவம் கிடக்கின்றன என்பதை உங்கள் கணவரே சொல்வார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு கோடியே இருபது லட்சத்தை ஏழு விழுக்காட்டுக்குப் போட்டால் மாதம் 70,000 ரூபாய் வட்டி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. விலைவாசி ஆண்டுக்கு ஆறு விழுக்காடு ஏறினால், பத்து ஆண்டு கழித்து அந்த 70,000 இன்றைய 39,000 ரூபாய்க்குத்தான் பொருள் வாங்கும். அப்போது உங்களுக்கு 53 வயது, பிள்ளைகளின் கல்யாணக் காலம்.

மூன்று ஆண்டு கழிந்து போவதானால் மகிழ்ச்சியோடு போங்கள். போனாலும் நர்சிங் கவுன்சில் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். அந்தச் சான்றிதழை நிலப் பத்திரத்தோடு ஒரே பெட்டியில் வையுங்கள்.

கேள்வி: கொடைக்கானலில் எனக்கு இருந்த தங்கும் விடுதியை நல்ல விலைக்கு விற்றுவிட்டேன். இனிப் பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் என் மனைவி நர்ஸ் வேலையை விடமாட்டேன் என்கிறார். கார் வைத்திருக்கும் வீட்டுப் பெண் பஸ்ஸில் டியூட்டிக்குப் போனால் ஊரில் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

பதில்: காரில் கொண்டுபோய் விடுங்கள். மார்கழிக் குளிரில் விடியற்காலைப் பேருந்துக்கு நிற்பது எத்தனை கொடுமை என்று இருபது ஆண்டு அந்தக் குளிரில் நின்ற நான் சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் விடுதி உங்களுடையது, பணம் உங்களுடையது, ஊர்ப் பேச்சும் உங்களைப் பற்றியது. வேலை மட்டுந்தான் அவருடையது, அதையும் கேட்கிறீர்கள். வில்பட்டியிலிருந்தோ பூம்பாறையிலிருந்தோ பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்கு உங்கள் மனைவியின் பெயர் தெரிந்திருக்கும். விடுதி கட்டியவரின் பெயர் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு.

கேள்வி: பந்தலூர். நான் எஸ்டேட் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்றவன். காசு வந்தால் நர்ஸம்மாக்கள் எல்லாம் போய்விடுவார்கள் என்றால், மலைமேல் இருக்கும் எங்களை யார் பார்த்துக்கொள்வது?

பதில்: ஐயா, லாட்டரி விழுந்து மலையைவிட்டுப் போன நர்ஸ் ஒருவரைக்கூட என் அனுபவத்தில் நான் கண்டதில்லை. போனவர்கள் எல்லாரும் வேறு காரணங்களுக்காகப் போனார்கள். சமவெளியிலிருந்து வந்தவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்தே இடமாறுதல் மனுவைக் கைப்பையில் வைத்திருப்பார். அவருடைய குழந்தை ஈரோட்டிலோ மதுரையிலோ பாட்டி வீட்டில் வளரும்போது அவரை எப்படிக் குறை சொல்வது? இன்னொரு கூட்டம் வளைகுடாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனது, ஏனென்றால் இங்கே ஓர் ஆண்டில் பார்க்கும் காசை அங்கே இரண்டு மூன்று மாதத்தில் பார்த்துவிடலாம். 2015-இல் தேர்வு எழுதி அரசுப் பணிக்கு வந்த ஒப்பந்த நர்ஸ்களுக்கு மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு ஆண்டில் நிரந்தரமாகிவிடுவோம் என்று நம்பியிருந்த அவர்கள் 2017 நவம்பரில் சென்னையில் ஆயிரக்கணக்கில் கூடி உட்கார்ந்தார்கள். ஆக, மலையில் நர்ஸ் நிற்காததற்குப் பணம் அதிகமானதைவிடப் பணம் குறைந்ததே அதிகம் காரணம்.

யார் நின்றார்கள் என்று கேட்டால், உங்களுக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. கூடலூரில் 1987-இல் தொடங்கிய அஸ்வினி என்ற அமைப்பு, பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர் குடிகளைச் சேர்ந்த பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, 1990 முதல் ஆதிவாசி மருத்துவமனையை அவர்களைக்கொண்டு நடத்திவருகிறது. வார்டில் படுத்திருக்கும் பணியப் பாட்டியிடம் அவருடைய பேச்சிலேயே நலம் விசாரிக்கும் நர்ஸுக்கு மலை சொந்த ஊர். இடமாறுதல் கேட்டு எங்கே போவார்? ரத்தத்தின் சிவப்பணு அரிவாள் வடிவில் வளைந்துபோகும் சிக்கிள் செல் நோய் இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடிகளிடம்தான். அந்த நோயால் எலும்பும் மூட்டும் தெறிக்கிற வலியோடு வரும் பிள்ளையை, இது நடிப்பு என்று அதட்டாமல், உடனே டிரிப்ஸும் வலி மருந்தும் தொடங்கும் நர்ஸ், அந்த வலியைத் தன் வீட்டிலும் பார்த்தவராக இருப்பது எத்தனை பெரிய வித்தியாசம்! 2025 ஏப்ரலில் ஊட்டியில் 700 படுக்கை கொண்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தாயிற்று. முன்பெல்லாம் கொஞ்சம் கடுமையான கேஸ் என்றால் கோவைக்கு மலை இறக்கினோம். வழியிலேயே போன உயிர்கள் உண்டு. அங்கே படிக்கும் பிள்ளைகளிலும், சுற்றியுள்ள நர்சிங் கல்லூரிகளிலும், தேயிலை பறிப்பவரின் மகள்கள் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் உங்களை யார் பார்த்துக்கொள்வது என்பது இருக்கிறது. உங்கள் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். அவளிடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஊட்டியில் நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எல்லாருக்கும் சொல்கிறீர்களே, அம்மா, உங்களுக்கே அப்படிப் பணம் வந்திருந்தால் வேலையில் இருந்திருப்பீர்களா? பணம் வந்த அன்று என்ன செய்திருப்பீர்கள்?

பதில்: வந்தது, மகளே. 2004-இல், பிள்ளையில்லாத ஒரு சிற்றப்பா என் கணவர் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போன நிலம் விற்றது. அப்போது நான் வாங்கிய சம்பளத்துக்கு அது ஏறக்குறைய பதினைந்து ஆண்டு ஊதியம். வீட்டில் எல்லாரும் என்னை உட்காரச் சொன்னார்கள். அதன் பிறகும் பத்து ஆண்டுக்கு மேல் வேலைபார்த்தேன்.

வேலை மாறவில்லை, ஆனால் ஒன்று மாறியது. அப்போது நான் இருந்த மருத்துவமனையில் ஆள் குறைந்தால் டபுள் டியூட்டி பார்க்கச் சொல்வார்கள். இரவு முழுவதும் நின்றவள் காலையிலும் நிற்க வேண்டும். அந்தப் பணம் வந்த அடுத்த மாதம், கண்காணிப்பாளர் வழக்கம்போல என் பெயருக்கு நேரே பேனாவால் ஒரு கோடு போட்டபோது, "இன்று முடியாது, சிஸ்டர்" என்றேன். இருபது ஆண்டில் முதல் முறை. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு முழங்கால் நடுங்கியது. அவர் ஒன்றும் சொல்லாமல் வேறொரு பெயரைத் தேடினார், அது ஒரு ஜூனியரின் பெயர். அவளால் முடியாது என்று சொல்ல முடியாது. என் பணத்தால் எனக்கு வந்த தைரியத்தின் சுமை அவள் தோளில் இறங்கியதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை, பிறகுதான் உறைத்தது. அதன் பின் என்னால் முடியாது என்று சொல்லும்போதெல்லாம், அவளாலும் முடியாது என்பதைச் சேர்த்தே சொன்னேன். ஏறக்குறைய ஓர் ஆண்டு சச்சரவுக்குப் பிறகு இரவுக்கு இன்னும் ஒரு நர்ஸைப் போட்டார்கள்.

பணம் வந்த அன்று என்ன செய்தேன் என்றும் கேட்டிருக்கிறாய். மதியம் வங்கியில் பாஸ்புக்கில் பதிந்து கொடுத்தார்கள். அன்று எனக்கு நைட் டியூட்டி. கோத்தகிரியில் ஆறரை மணிப் பேருந்தைப் பிடித்தேன். கட்டபெட்டுவில் மூடுபனி இறங்கி, ஓட்டுநர் ஊர்ந்து ஊர்ந்து குன்னூர் போய்ச் சேர எட்டு மணி தாண்டிவிட்டது. வார்டு வாசலில் மாலை டியூட்டி சிஸ்டர் ஸ்வெட்டரும் போட்டு, பையையும் தோளில் மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கடைசிப் பேருந்துக்குப் பத்து நிமிடந்தான் இருந்தது அவளுக்கு. "நாலாம் கட்டிலுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு. ஒன்பதாம் கட்டில் டிரிப்ஸ் பதினொன்றுக்கு முடியும், அக்கா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் நாலாம் கட்டிலுக்கு ஈரத்துணி போட்டுவிட்டு, பதினொன்றுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒன்பதாம் கட்டிலின் பாட்டிலை மாற்றினேன்.